ஃப்ளோட் வன்பொருள் இல்லாத சிப்பில் தசமக் கணக்கு: ரப்பர் பால் தராசை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் வழியில் ரப்பர் பால் எடை போடும் எலக்ட்ரானிக் தராசு இன்று சாதாரணக் காட்சி. பால் உறைந்து ஷீட் ஆனபின் அதை உலர்த்தும் புகைப்புரையில் ஒரு வெப்பமானிப் பலகையும் இருக்கும். இவற்றுக்குள் இருக்கும் சின்னச் சிப்புகள் பெரும்பாலும் ஃப்ளோட்டை, அதாவது தசமப் புள்ளியுள்ள எண்ணை, நேரடியாகக் கணக்கிடத் தெரியாதவை. இந்த இரண்டையும் செய்திருக்கிறேன், பழுது பார்த்திருக்கிறேன், நாகர்கோவில் பக்கமிருந்து வரும் பொறியியல் மாணவர்களைச் செய்ய வைத்தும் பார்த்திருக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் கணக்கு தெரிந்திருக்கிறது. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது: முதலில் நிரல், பிறகு அலகு, எல்லாம் கெட்ட பிறகு எண் எவ்வளவு பெரிதாகும் என்ற யோசனை. கீழே உள்ள படிகள் அதைத் திருப்பிப் போட்டவை. படிகளைத் தாண்டிப் போக வேண்டாம். ஒவ்வொன்றும் முந்தையதில் எழுதி வைத்த எண்ணைக் கேட்கும்.

முன்கூட்டி வேண்டியவை: உங்கள் பலகை, நிரலை அதன் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், கணினியில் பைத்தான் அல்லது சி, பலகையில் சும்மா இருக்கும் ஒரு பின் (இணைப்பு முனை), அதில் வரும் மின்துடிப்பைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் அல்லது விலை குறைந்த லாஜிக் அனலைசர், ஒரு நோட்டுப் புத்தகம். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் கொண்டு வருவதில்லை.

1. சிப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி 8-பிட் சிப். 8 பிட்டை 8 பிட்டால் பெருக்க அதில் கட்டளை உண்டு. வகுக்கக் கட்டளை இல்லை. ஃப்ளோட் அறவே இல்லை. ஏடிடைனி85-இல் பெருக்கல் கட்டளைகூடக் கிடையாது.

ஏஆர்எம் வகைச் சிப்புகளான கார்டெக்ஸ்-எம்0, எம்0+, எம்3 மூன்றிலும் ஃப்ளோட் வன்பொருள் இல்லை. எம்3-இல் வகுத்தல் கட்டளை உண்டு, எம்0-இல் அதுவும் இல்லை. எம்4 என்ற பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள்: அதில் ஃப்ளோட் பகுதி விருப்பத் தேர்வு. இருந்தாலும் 32-பிட் ஒற்றைத் துல்லியத்துக்கு மட்டும்தான் உதவும்.

வைஃபை சிப்புகளான இஎஸ்பி வகையில் பலரும் ஏமாறுகிறார்கள். முதலில் வந்த இஎஸ்பி32-இல் ஒற்றைத் துல்லிய வன்பொருள் உண்டு. இஎஸ்பி8266-இலும் இஎஸ்பி32-சி3-இலும் இல்லை. ஒன்றில் சோதித்துவிட்டு மற்றொன்றை வாங்கிப் பொருத்தினால் நேரக் கணக்கு மாறிவிடும்.

வன்பொருள் இல்லாவிட்டாலும் ஃப்ளோட் வேலை செய்யும். ஒவ்வொரு கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் கம்பைலர் ஒரு லைப்ரரி நிரலை அழைக்கும், அவ்வளவுதான். விடை தப்பாது. நேரமும் இடமும் போகும்.

2. ஃப்ளோட்டை நீக்கத்தான் வேண்டுமா என்று அளந்து பாருங்கள்

கணக்கு தொடங்கும்போது பின்னை உயர்த்துங்கள், முடிந்ததும் தாழ்த்துங்கள். துடிப்பின் அகலம்தான் கணக்கின் நேரம். 16 மெகாஹெர்ட்ஸ் ஏவிஆரில் (ஏடிமெகா, ஏடிடைனி சிப்புகளின் குடும்பப் பெயர்) ஒரு கடிகாரச் சுழற்சி 62.5 நானோ வினாடி. மென்பொருள் ஃப்ளோட்டில் ஒரு பெருக்கல் நூறு சுழற்சிகளையொட்டியும், வகுத்தல் பல நூறும், லாகரிதம் ஆயிரங்களிலும் போகும். உங்கள் பலகையில் சரியாக எவ்வளவு என்பதை அந்தத் துடிப்பு சொல்லிவிடும்.

இப்போது வேலையின் வேகத்தைப் பாருங்கள். தராசில் எடையுணரியின் சமிக்ஞையை எண்ணாக மாற்றும் ஹெச்எக்ஸ்711 சிப் வினாடிக்கு 10 அல்லது 80 அளவுதான் தரும். வினாடிக்குப் பத்து முறை, ஆயிரக்கணக்கான சுழற்சி எடுத்தாலும் சிப் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். வேகத்துக்காக ஃப்ளோட்டை நீக்க வேண்டிய அவசியமே இங்கே இல்லை. மோட்டார் கட்டுப்பாடு, ஒலி போன்று வினாடிக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் கணக்குக்கு மட்டும் அந்தக் கவலை.

நீக்க வேறு காரணம் இருக்கிறது, அதுதான் பெரிய காரணம். ஒற்றைத் துல்லிய ஃப்ளோட்டில் எண்ணைத் தாங்கும் பிட்டுகள் 24. எண் பெரிதாகப் பெரிதாக அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையிலான இடைவெளியும் பெரிதாகும். 1,31,072-ஐத் தாண்டினால் அந்த இடைவெளி 1/64, அதாவது 0.015625. ரூபாயாக வைத்திருந்தால் அது ஒன்றரைப் பைசாவுக்கும் மேல். அதற்குப் பிறகு மொத்தத் தொகையில் ஒரு பைசாவைத் துல்லியமாகக் கூட்டவே முடியாது.

அருமனைப் பக்கம் ஒரு சேகரிப்பு இடத்தில் இதைத்தான் பார்த்தேன். தனித்தனிச் சீட்டுகளைக் கையால் கூட்டினால் ஒரு தொகை, தராசின் மொத்தத்தில் வேறொரு தொகை. சீசன் தொடக்கத்தில் இரண்டும் பொருந்தியிருந்தன. மொத்தம் லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் விலகல். கடைக்காரர் ஆளைச் சந்தேகப்பட்டார். ஆள் நல்லவர், ஃப்ளோட்தான் விழுங்கிக்கொண்டிருந்தது. எடையைக் கிராமில் ஃப்ளோட்டாகக் கூட்டினாலும் இதே கதை: 1,67,77,216-ஐ எட்டியபின் ஒரு கிராம் கூட்டினால் மொத்தம் அசையாது.

ஆகவே என் விதி: பணம், மொத்தம், மீட்டர் எண்ணிக்கை ஆகியவை எந்த சிப்பாக இருந்தாலும் முழு எண்ணில். மற்றவை ஃப்ளோட்டில் இருந்து நேரமும் இடமும் போதுமானால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஃப்ளோட்டை வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சி மொழியில் 0.5 என்று எழுதினால் அது டபுள், அதாவது இரட்டைத் துல்லிய எண். ஃப்ளோட் வேண்டுமானால் எண்ணின் பின்னால் எஃப் சேர்க்க வேண்டும். ஏவிஆரில் டபுளும் வழக்கமாக 32 பிட்டே என்பதால் வித்தியாசம் தெரியாது. அதே நிரலை எம்0-க்குக் கொண்டு போனால் 64-பிட் லைப்ரரி முழுவதும் உள்ளே வந்து உட்காரும். டபுளாக உயர்வதை எச்சரிக்கும் அமைப்பு கம்பைலரில் உண்டு. அதை இயக்கி வையுங்கள்.

3. ஒவ்வோர் எண்ணுக்கும் அலகு, எல்லை, படி எழுதுங்கள்

நோட்டைத் திறக்கும் இடம் இது. ஒவ்வொரு மாறிக்கும் மூன்று கேள்வி: எந்த அலகு, அதிகபட்சம் எவ்வளவு, எவ்வளவு சிறிய மாற்றம் தெரிய வேண்டும்.

தராசுக்கு நான் எழுதுவது இது. எடை: கிராமில், 0 முதல் 1,00,000 வரை, படி 1. டி.ஆர்.சி., அதாவது பாலில் உள்ள உலர் ரப்பரின் பங்கு: ஆயிரத்தில் எத்தனை என்று, 0 முதல் 1000 வரை, 34.5 சதவீதம் என்றால் 345. விலை: கிலோவுக்குப் பைசாவில், ரூ.180 என்று வைத்துக்கொண்டால் 18000. தொகை: பைசாவில்.

தசமப் புள்ளி எங்கே போயிற்று என்று மாணவர்கள் கேட்பார்கள். அலகுக்குள் போயிற்று. 18.640 கிலோவை 18640 கிராம் என்று சொல்வதில் எதுவும் இழக்கவில்லை. மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுங்கள்: எடை_கிராம், விலை_பைசா. பிறகு கிராமையும் கிலோவையும் கூட்டும் தவறு கண்ணில் குத்தும்.

4. பத்தின் மடங்கா, இரண்டின் அடுக்கா என்று முடிவு செய்யுங்கள்

மனிதர் படிக்கும் எண்ணுக்குப் பத்து, நூறு, ஆயிரம் மடங்கு. பைசா பைசாவாகவே இருக்கும்; சீட்டில் அச்சடிக்கும் தொகை உள்ளே இருக்கும் தொகையேதான்.

சிப்புக்குள்ளேயே புழங்கும் பெருக்கெண்களுக்கு இரண்டின் அடுக்கு. காரணம், 65536-ஆல் வகுப்பது வெறும் 16 பிட் வலது நகர்த்தல். 1000-ஆல் வகுப்பதற்கு வகுத்தல் கட்டளை இல்லாத சிப்பில் ஒரு சுற்று ஓட வேண்டும்.

தராசின் அளவுத்திருத்தம் இதற்கு நல்ல உதாரணம். ஒரு கிராமுக்கு ஹெச்எக்ஸ்711 21.37 எண்ணிக்கை காட்டுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் 21.37-ஆல் வகுப்பதற்குப் பதில் அதன் தலைகீழைப் பெருக்கெண்ணாக வைக்கிறோம். 16 பிட் நகர்த்தலுக்கு 65536 ÷ 21.37, அதாவது 3067. 20 பிட்டுக்கு 1048576 ÷ 21.37, அதாவது 49068.

18,640 கிராம் பால் வைத்தால் எண்ணிக்கை சுமார் 3,98,337. முதல் பெருக்கெண்ணால் 18641.7 கிராம் வரும், இரண்டாவதால் 18640.1. பெருக்கெண்ணை அருகிலுள்ள முழு எண்ணாக்கும்போது கூடிவிட்ட பகுதிதான் அந்த ஒன்றரைச் சொச்சம் கிராம். எல்லாருக்கும் 16.16 (முழுப் பகுதிக்கு 16 பிட், பின்னத்துக்கு 16 பிட்) என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதன் விலை இது. பிட் எத்தனை என்பதை மூன்றாம் படியில் எழுதிய 'படி' தீர்மானிக்கட்டும்.

5. பெருக்கலின் இடைவிடையை அளந்து பாருங்கள்

அதிகமானோர் விழும் பள்ளம் இது. விடை பெட்டிக்குள் அடங்கினால் போதாது, வகுப்பதற்கு முன் வரும் பெருக்கற்பலனும் அடங்க வேண்டும்.

ஏவிஆரில் சாதாரண இன்ட் (முழு எண் வகை) 16 பிட், அதிகபட்சம் 32767. எடை 18640, டி.ஆர்.சி. 345, இரண்டையும் இன்ட்டில் வைத்துப் பெருக்கினால் வர வேண்டியது 64,30,800. 16 பிட்டில் வழிந்தபின் மிஞ்சுவது 8272. ஆயிரத்தால் வகுத்தால் 8. பதினெட்டரைக் கிலோ பால் ஊற்றியவருக்கு எட்டுக் கிராம் உலர் ரப்பர் என்று சீட்டு வரும்.

'விடையை 32 பிட் மாறியில்தானே போட்டேன்' என்பார்கள். பெருக்கல் நடப்பது பெருக்கப்படும் எண்களின் அகலத்தில். விடை போகும் மாறியின் அகலத்தைக் கம்பைலர் பார்ப்பதில்லை. பெருக்கும் முன்பே ஒன்றையாவது 32 பிட்டாக மாற்ற வேண்டும்.

32 பிட்டும் வழியும். மேலே 20 பிட் பெருக்கெண்ணில் 3,98,337 × 49068 எவ்வளவு? 1954 கோடிக்கும் மேல். குறியுள்ள 32 பிட்டின் எல்லை 2,14,74,83,647, ஏறக்குறைய 215 கோடி. எனவே அங்கே 64 பிட் வேண்டும். 16 பிட் பெருக்கெண்ணாக இருந்தாலும் 32 பிட்டில் சுமார் 32.7 கிலோ வரைதான் தாங்கும். மேசைமேல் 5 கிலோ வைத்துச் சோதித்துவிட்டு அனுப்பினால் முதல் பெரிய கேனில் எடை மைனஸில் போகும்.

ஏவிஆரில் 64 பிட் பெருக்கல் மெதுவானது என்று பயமுறுத்துவார்கள். மெதுவானதுதான். வினாடிக்குப் பத்து முறைக்கு அது பொருட்டல்ல. இரண்டாம் படியில் அளந்ததை நினைவில் வையுங்கள்.

6. பெருக்கிய பிறகு வகுங்கள், வகுக்கும்போது பாதியைச் சேருங்கள்

345-ஐ முதலில் 1000-ஆல் வகுத்தால் முழு எண்ணில் விடை 0. பிறகு எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். பெருக்கல் முதலில், வகுத்தல் கடைசியில், அதுவும் முடிந்தால் ஒரே ஒரு முறை.

இடையில் வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். உலர் எடை 6430.8 கிராம். அதை 6430 என்று வெட்டி விலையைப் பெருக்கினால் ரூ.1157.40, சரியான தொகை ரூ.1157.54. நான் இடைவிடையைக் கிராமில் பத்தில் ஒரு பங்காக வைப்பேன்: 18640 × 345 ÷ 100 = 64308. அதை 18000-ஆல் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 115754 பைசா.

அந்தப் பெருக்கற்பலன் 115 கோடி. குறியுள்ள 32 பிட்டில் அடங்கும். ஆனால் உலர் எடை 11.9 கிலோவைத் தாண்டினால் அடங்காது. அதாவது இதே டி.ஆர்.சி.யில் முப்பத்தைந்து கிலோ பால். வீட்டோடு அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு வராது, பெரிய தோட்டத்துக்கு வரும். இதையும் 64 பிட்டில் போடுங்கள்.

முழு எண் வகுத்தல் எப்போதும் வெட்டும். அருகிலுள்ள எண் வேண்டுமானால் வகுக்கும் முன் வகுஎண்ணில் பாதியைச் சேருங்கள். நகர்த்தலிலும் அப்படியே, 20 பிட்டுக்கு 524288. மைனஸ் எண்ணில் கவனம்: வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும், வலது நகர்த்தல் கீழ்நோக்கி வெட்டும். −1-ஐ 32-ஆல் வகுத்தால் 0. ஐந்து பிட் நகர்த்தினால் வழக்கமான கம்பைலர்களில் −1. மைனஸுக்கு வகுத்தலைப் பயன்படுத்தினால் பாதியைக் கழிக்க வேண்டும்.

7. லாகரிதத்துக்குப் பதில் அட்டவணை

புகைப்புரையில் ஷீட் உலர 40 முதல் 60 டிகிரி வரை வெப்பம் வைப்பார்கள். அங்கே சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர், அது எவ்வளவு மாறும் என்பதைக் குறிக்கும் பீட்டா 3950, மேலே ஒரு 10 கிலோ ஓம் மின்தடை, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10-பிட் ஏடிசி. மின்தடையிலிருந்து வெப்பத்துக்குப் போக லாகரிதம் வேண்டும். அதைக் கணினி ஒரு முறை செய்துகொடுக்கட்டும்.

ஏடிசி 0 முதல் 1024 வரை 32-க்கு ஒன்றாக 33 புள்ளிகளில், சூத்திரம் ஓடாத இரு முனைகளைத் தவிர, வெப்பத்தைக் கணக்கிட்டு, டிகிரியில் நூறில் ஒரு பங்காக அட்டவணையில் வையுங்கள். இடைவெளி 32 என்பதால் எந்தக் கட்டம் என்பது 5 பிட் நகர்த்தலில் தெரியும். மீதி கீழ் ஐந்து பிட். வகுத்தலே இல்லை.

ஏடிசி 250 வருகிறது. 224-க்கு அட்டவணையில் 5669, 256-க்கு 5196. மீதி 26. ஆகவே 5669 − 473 × 26 ÷ 32 = 5285, அதாவது 52.85 டிகிரி. லாகரிதம் போட்டால் 52.80. அந்த இடத்தில் ஏடிசியின் ஒரு படியே ஏறக்குறைய 0.15 டிகிரி. அட்டவணையின் பிழை அதற்குள் மறைந்துவிடுகிறது. 66 பைட்டில் வேலை முடிந்தது. ஏவிஆரில் அட்டவணையை நிரல் தங்கும் ஃப்ளாஷில் வைக்கத் தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 2 கிலோபைட் ரேமுக்குள் வந்து உட்காரும்.

இதிலும் ஐந்தாம் படிப் பள்ளம் உண்டு. ஒரு மாணவர் இன்ட்டிலேயே பெருக்கினார். 60 டிகிரி வரை அழகாக ஓடியது. சூடு கூடக்கூட வளைவு செங்குத்தாகும்: 64-க்கு 10160, 96-க்கு 8660, வித்தியாசம் 1500. ஏடிசி 95-இல் 1500 × 31 = 46500, அது 16 பிட்டில் வழிந்து குறி மாறிவிட்டது. 87 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் திரை 107 காட்டியது. அபாய மணி அடிக்க வேண்டிய பகுதியில்தான் எண் பொய் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஏடிசி 32-க்குக் கீழே, 992-க்கு மேலே வந்தால் கணக்கே போடாதீர்கள். முன்னது 129 டிகிரிக்கு மேல், பின்னது மைனஸ் 36-க்குக் கீழ். குமரி மாவட்டத்தில் இரண்டாவது வர வாய்ப்பில்லை. கம்பி அறுந்திருக்கிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. திரையில் 'சென்சார் பழுது' என்று காட்டுங்கள்.

8. சராசரி எடுக்கும்போது மீதியைத் தூக்கி எறியாதீர்கள்

எண் ஆடாமல் நிற்க, புதிய அளவுக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை மட்டும் சேர்ப்பது வழக்கம். முழு எண்ணில் பலர் எழுதுவது இது, கடைசியில் இருப்பது 8 பிட் வலது நகர்த்தல்:

பழையது = பழையது + ((புதியது − பழையது) >> 8)

வித்தியாசம் 255 வரை இருந்தால் நகர்த்தலில் அது பூஜ்யம். அதாவது கீழிருந்து ஏறும் எடை, உண்மைக்கு 255 எண்ணிக்கை முன்னாலேயே நின்றுவிடும். நம் தராசில் அது சுமார் 12 கிராம். மேலிருந்து இறங்கும்போது மைனஸ் நகர்த்தல் கீழ்நோக்கி வெட்டுவதால் சரியான இடத்துக்கே வந்துவிடும். காலித் தராசில் பால் கேனை வைக்கும்போது எடை ஏறத்தானே செய்யும்? ஒவ்வொரு முறையும் பால் கொண்டு வந்தவருக்குத்தான் நஷ்டம். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் ஏமாற்றியது போலவே ஆகிறது.

திருத்தம் எளிது. கூட்டுத்தொகையைப் பெரிதாக்கியே வைத்திருங்கள்:

கூட்டு = கூட்டு + புதியது − (கூட்டு >> 4)

வெளியே கொடுப்பது கூட்டு >> 4. மீதி கூட்டுக்குள்ளேயே தங்கி அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளும். 24 பிட் அளவுக்கு 4 சேர்த்தால் 28. 32 பிட்டில் இடமிருக்கிறது. 8 இடம் நகர்த்தினால் 32 பிட்டும் நிரம்பிவிடும், மீதி இடமே இருக்காது. ஹெச்எக்ஸ்711 தரும் 24 பிட் எண் குறியுள்ளது என்பதையும் மறக்க வேண்டாம்: மேல் பிட் 1 என்றால் 32-இன் மேல் எட்டு பிட்டுகளையும் 1 ஆக்குங்கள்.

9. திரைக்குப் பிரித்து அனுப்புங்கள்

ஏவிஆரில் அச்சிடும் கட்டளையான பிரின்ட்எஃப்-க்கு ஃப்ளோட் கொடுத்தால் வழக்கமான அமைப்பில் கேள்விக்குறிதான் வரும். நமக்கு அது வேண்டியதும் இல்லை. 100-ஆல் வகுத்த ஈவு, புள்ளி, மீதி.

மீதியை இரண்டு இலக்கமாக அச்சடியுங்கள், இல்லாவிட்டால் 52.05 டிகிரி 52.5 ஆகும். குறியை முதலில் தனியே எழுதிவிட்டு மதிப்பைப் பிரியுங்கள். −35-ஐ நூறால் வகுத்தால் ஈவு வெறும் 0, அதற்குக் குறி கிடையாது, −0.35 என்பது 0.-35 என்று தெரியும், மீதியின் குறியை மட்டும் நீக்கினால் 0.35 என்று. தராசில் டேர் போட்டபின் (காலிக் கேனின் எடையைப் பூஜ்யமாக்கியபின்) இது அடிக்கடி வரும்.

10. எல்லா உள்ளீட்டையும் கணினியில் ஓட்டுங்கள்

கணக்குப் பகுதியைத் தனிக் கோப்பாக வைத்து, அதையே கணினியிலும் கம்பைல் செய்யுங்கள். பக்கத்தில் டபுளில் எழுதிய ஒப்பீட்டு நிரல். ஏடிசிக்கு 1024 மதிப்புகள்தான். ஒன்று விடாமல் ஓட்டி மிகப் பெரிய வித்தியாசத்தை அச்சடியுங்கள். மாதிரிக்கு நாலு எண் போட்டுப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 107 டிகிரிக் கதையில் வந்த மாணவரும் நாலு எண் போட்டுப் பார்த்தவர்தான்.

கணினியில் இன்ட் 32 பிட் என்பதால் ஏவிஆரில் வழியும் கணக்கு இங்கே வழியாது. எனவே மாறிகளை 16, 32 என்று அகலம் குறித்த வகைகளில் அறிவியுங்கள். அப்போதும் இடைப் பெருக்கல் கணினியில் 32 பிட்டில்தான் நடக்கும். அதனால் எல்லை மதிப்புகளைப் பலகையிலும் ஒரு முறை ஓட்டி, விடையைச் சீரியல் இணைப்பு வழியாக எடுத்துக் கணினி விடையோடு ஒப்பிடுங்கள்.

தராசுக்கு எடைக்கல்லும் வேண்டும். காலியாக, ஒரு கிலோ, இருபது கிலோ, பிறகு தராசின் முழு எல்லை; ஒவ்வொன்றையும் ஏற்றியும் இறக்கியும். ஏற்றும்போது ஓர் எண், இறக்கும்போது வேறோர் எண் வந்தால் எடையுணரியான லோட்செல்லைக் கழற்றுவதற்கு முன் எட்டாம் படிக்குப் போய் அந்த ஒற்றை வரியைப் பாருங்கள்.